ஒன்றாம் லேனுக்குக் கயிறு

பெரிய மனிதர்கள் வருகிற நாளில் மட்டும் அந்த ஸ்டேடியத்துக்குப் புது முகம் வந்துவிடும். கக்கூஸில் பினாயில் மணக்கும். கேலரியில் கால் உடைந்த நாற்காலிகள் கடைசி வரிசைக்குப் போய்விடும். ஓட்டப் பாதையின் ஒன்றாம் லேனையும் இரண்டாம் லேனையும் மறித்து வருஷம் முழுக்க நிற்கிற ஆரஞ்சு நிறப் பிளாஸ்டிக் கோன்களும், அவற்றைக் கோத்துக் கட்டிய நைலான் கயிறும் கொட்டகைக்குள் சாக்குகளுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொள்ளும். இந்த மூன்று வேலையையும் செய்கிறவள் சுடலைமாடத்தி. இடுப்பில் கையை வைத்துக்கொண்டு செய்யச் சொல்கிறவர் கிரவுண்ட் சூப்பர்வைசர் ஞானையன்.

"கோனெல்லாம் மாத்தியாச்சா மாடத்தி? ஒண்ணுகூட கண்ணுல படப்பிடாது, கேட்டியா."

"மாத்தியாச்சு சாரே."

"டீ வந்தா ஊத்திக் குடு. வேற ஒண்ணும் மிண்டாதே."

வாயைத் திறக்காதே என்பதைப் பாறசாலைக்காரரான ஞானையன் பாதி மலையாளத்தில் சொன்னால் கொஞ்சம் மரியாதையாக இருக்கும் என்று நினைத்திருக்கலாம். சுடலைமாடத்திக்கு எரிச்சலாக இருந்தது. காலையிலிருந்து இதே வார்த்தையை அவள் கேட்பது இரண்டாம் தடவை. முதல் தடவை சொன்னவள் அவள் பெற்ற மகள்.

இசக்கிசெல்வி நானூறு மீட்டர் ஓடுகிறவள். பத்தொன்பது வயது. அப்பா தம்பானூரில் ஒரு ஹோட்டலில் பரோட்டா போடுகிறார், அம்மா ஸ்டேடியத்தில் தினக்கூலிக்குப் பெருக்குகிறாள். இந்த இரண்டு பேருக்கும் பிறந்த பெண் ஐம்பத்தேழு செகண்டில் நானூறு மீட்டர் ஓடுவாள் என்று சொந்த ஊரான சங்கரன்கோவிலில் யாரும் நம்பவில்லை. அக்டோபரில் ரயில்வேயில் ட்ரையல். அதில் ஐம்பத்தாறுக்குள் ஓடினால் வேலை. கோச் ஷிபு, ஓடிவிடுவாள் என்கிறார். ஒரே ஒரு இடைஞ்சல், இடது கால். முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பில் வலி. மார்ச் மாதம் டாக்டர் எக்ஸ்ரேயைத் தூக்கிப் பார்த்துவிட்டு, இன்னும் விரிசல் விழவில்லை, ஆனால் விழப் பார்க்கிறது, கட்டாந்தரையில் ஓடாதே என்றார். ரப்பர் டிராக்கில்தான் ஓடுகிறேன் டாக்டர் என்றாள் இவள். அப்படியென்றால் பரவாயில்லை என்று டாக்டர் அனுப்பிவிட்டார். அந்த ரப்பரின் லட்சணம் அவருக்கு எப்படித் தெரியும்?

கரமனையில் அவர்கள் குடியிருக்கிற லைன் வீட்டில், காலையில் தலை பின்னிவிடும்போது மகள் பேச்சை எடுத்தாள்.

"அம்மா, இன்னிக்கு பெங்களூர்லேர்ந்து ஆள் வராரு. டிராக்கை என்ன செய்யணும்னு அவர் எழுதிக் குடுக்கறதுதான் முடிவாம். நீ ஒண்ணும் பறையண்டா."

"நான் என்னத்தட்டி சொல்லப் போறேன்?"

"மூணாம் லேன், நாலாம் லேன் கதையெல்லாம். அது தெரிஞ்சா முழுசும் பொளிச்சு, தோண்டி எடுக்கணும்னு சொல்வாங்க. ஆறு மாசம்னு எழுதுவாங்க. நம்ம டிபார்ட்மென்ட்ல ஆறு மாசம்னா ரெண்டு வருஷம். நான் எவிட ஓடுவேன்? காலேஜ் கிரவுண்ட் ஜூன் வந்தா சகதி."

"காலு வலிக்குன்னியே?"

"அதெல்லாம் போயாச்சு. எப்பவோ போயாச்சு."

சுடலைமாடத்தி மகளை வாசல் வரை நடக்கவிட்டுப் பார்த்தாள். நேராகத்தான் நடந்தாள். நம்பினால் காரியம் சுலபம் என்பதால் அவளும் பாதி நம்பினாள்.

இந்த மூணாம் லேன் கதையைச் சொல்லாமல் மேலே போக முடியாது. பதினோரு வருஷத்துக்கு முன் தார் போட்டு, அதன் மேல் பதிமூன்று மில்லிமீட்டர் கனத்துக்குச் சிவப்பு ரப்பர் ஊற்றி எட்டு லேனும் பளபளவென்று கிடந்தபோது, அன்றைக்கு இருந்த டைரக்டர் ஒரு ஆர்டர் போட்டார். உள்ளோர லேன்கள் சீக்கிரம் தேயுமாம். அதனால் ஒன்றும் இரண்டும் போட்டிகளுக்கு மட்டும், பயிற்சிக்குக் கிடையாது. நல்ல யோசனைதான். ஆர்டர் போட்டவர் ஓய்வு பெற்று மகனோடு துபாய்க்குப் போய்விட்டார். ஆர்டர் போகவில்லை. பதினோரு வருஷத்தில் சொல்லிக்கொள்கிற மாதிரி நடந்த போட்டிகள் ஐந்து. மற்ற நாளெல்லாம் கோன், கயிறு. ஓடுகிற பிள்ளைகள் எத்தனை பேரானாலும் உள்பக்கமாகத்தான் நெருங்கி ஓடுவார்கள். சுற்று சின்னது, ஓடி முடித்த தூரத்துக்குக் கணக்கும் சுலபம். கயிற்றுக்கு இந்தப் பக்கம் உள்பக்கம் என்றால் மூன்றும் நாலும்தான். பதினோரு வருஷம் ஒரு நகரத்துப் பிள்ளைகள் முழுக்க அந்த இரண்டு லேனில் ஓடினார்கள்.

விளைவு அவள் விளக்குமாற்றுக்குத் தெரியும். தினமும் மூணாம் லேனைப் பெருக்கினால் ஒரு முறம் சிவப்பு ரப்பர் பொடி வரும். ஒன்றாம் லேனில் இலை மட்டும்தான் வரும். இருநூறு மீட்டர் வளைவில் விளக்குமாற்றின் பிடியால் தட்டினால் பொக்கென்று ஒரு சத்தம். மழை விட்டு இரண்டு நாள் கழித்து மிதித்தாலும் விளிம்பில் தண்ணீர் கசியும். மற்ற இடங்களில் ரப்பர் தேய்ந்து தேய்ந்து தாருக்கும் காலுக்கும் நடுவே பேருக்குத்தான் இருந்தது. பக்கத்திலேயே ஒன்றாம் லேன் கடையிலிருந்து வாங்கிவந்த பாய் மாதிரி கிடந்தது. எம் பிள்ளையாவது அதில் ஓடட்டும் சாரே என்று ஒரு நாள் ஞானையனிடம் கெஞ்சினாள். ஆர்டர் என்றார். ஆர்டரைக் காட்டுங்கள் என்று கேட்கிற தைரியம் தினக்கூலிக்கு வராது.

ஆள் ஒன்பதரைக்கு வந்தார். பெயர் விஜய்குமார், பெங்களூர்த் தமிழர், நாற்பது வயதுக்குள். தலையில் துணித் தொப்பி, கையில் இரும்புப் பெட்டி. கூடவே ஸ்போர்ட்ஸ் டிபார்ட்மென்ட் ஜாயின்ட் டைரக்டர், கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தபடி. மே மாத வெயில் ஒன்பதரைக்கே ஆளைத் தின்றது. ஞானையன் முந்தின நாளே டிராக்கைக் கழுவவைத்து, வெள்ளைக் கோடுகளைப் புதிதாக இழுக்கவைத்திருந்தார். பெண் பார்க்க வருகிறவர்களுக்குக் காட்டுகிற மாதிரி எட்டு லேனும் ஒரே முகமாகப் பவுடர் பூசிக்கொண்டு கிடந்தன. எந்த லேனில் யார் ஓடினார்கள் என்று சாட்சி சொல்ல ஒரு கோன் இல்லை, ஒரு முழக் கயிறு இல்லை.

விஜய்குமார் வேலை தெரிந்தவர். அதுதான் வயிற்றெரிச்சல். அவர் பெட்டியைத் திறந்து, நடுவில் துளையுள்ள உளி ஒன்றையும் சுத்தியலையும் எடுத்துக்கொண்டு நேரே ஒன்றாம் லேனுக்குப் போய் முட்டி போட்டார்.

"எந்த ஊர் டிராக்கா இருந்தாலும் முதல்ல தேயறது இதுதான் சார்" என்று ஜாயின்ட் டைரக்டரிடம் சொன்னார். "எல்லாரும் உள்பக்கம்தானே ஓடுவாங்க. ஒண்ணாம் லேன் நல்லா இருந்தா மத்தது எல்லாம் நல்லா இருக்குன்னு எடுத்துக்கலாம்."

உளியை அடித்து, நாலணா அளவுக்கு ஒரு வட்டத் துண்டை வெட்டி எடுத்தார். அளவுக் கருவியில் வைத்துப் பார்த்தார். மறுபடி பார்த்தார். கொஞ்ச தூரம் தள்ளி இன்னொன்று, எதிர்ப்பக்கம் இன்னொன்று.

"பன்னிரண்டரை. பதினோரு வருஷத்துல அரை மில்லிதான் போயிருக்கு. நான் இப்படிப் பார்த்ததே இல்ல சார். பிரமாதமா மெயின்டெயின் பண்ணியிருக்கீங்க."

ஞானையன் முகம் மலர்ந்துவிட்டது. வெட்கப்பட்டு வேறு சிரித்தார். சுடலைமாடத்தி டீ ஃபிளாஸ்கைக் கையில் வைத்துக்கொண்டு பக்கத்தில் நின்றாள். பிரமாதமாம். ஓடவிடாமல் பூட்டிவைத்தால் எதுதான் தேயும்? அவள் வீட்டு வெள்ளித் தட்டுகூடத் தேயவில்லை, அடகுக் கடையில் இருப்பதால்.

இரண்டு வருஷத்துக்கு முன்பும் இதே கூத்துதான் நடந்தது. வேறு ஆள் வந்தார், இதே ஒன்றாம் லேனில் வெட்டினார், அருமை என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். அன்றைக்கு அவர்கள் எதைத் தேடுகிறார்கள் என்றே இவளுக்குத் தெரியாது. மகளின் கால் வலிக்கத் தொடங்கிய பிறகுதான், பிள்ளைகள் பேசுவதையும் கோச் பேசுவதையும் கேட்டுக் கேட்டு எல்லாம் புரிந்தது.

விஜய்குமார் வளைவுப் பக்கம் நடந்தார். அவள் அவர் காலையே பார்த்தாள். மூணாம் லேன் மேலேயே மிதித்துக்கொண்டு போனார். பூட்ஸ் போட்ட காலுக்கு என்ன தெரியும்? நிறம் மங்கியிருப்பதைப் பார்த்து ஒரு நொடி நின்றார். வெயிலில் நிறம் போவது சகஜம் என்று அவரே பதிலும் சொல்லிக்கொண்டு நகர்ந்துவிட்டார். அவளுக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. கூடவே, சொல்லத்தான் வெட்கம், ஒரு நிம்மதியும் வந்தது. மகள் கேட்டது நடந்துவிட்டது. யாரும் எதையும் சொல்ல வேண்டியதில்லை.

டீயைக் குடித்தபடி விஜய்குமார் முடிவைச் சொன்னார். "மூணு வழி இருக்கு சார். ரொம்ப மோசமா இருந்தா தார் வரைக்கும் தோண்டி எடுத்துப் புதுசாப் போடணும். சுமாரா இருந்தா மேலாக ஒரு கோட் ஸ்ப்ரே. உங்களுக்கு ரெண்டும் வேண்டாம்."

"அப்போ வாஷ் செய்து லைன் இட்டா மதி அல்லே?" என்றார் ஜாயின்ட் டைரக்டர். செலவில்லாத பதில் கிடைத்த சந்தோஷம் அவர் குரலில் தெரிந்தது.

"போதும். இன்னும் அஞ்சு வருஷத்துக்கு யாரும் இதைத் தொட வேண்டாம்னு எழுதிடறேன்."

அஞ்சு வருஷம்.

இசக்கிசெல்விக்கு வேண்டியது அக்டோபர் வரை ஐந்து மாசம். இவர் சொல்வது ஐந்து வருஷம். சாயங்காலம் இங்கே வருகிற ஏழாம் கிளாஸ், எட்டாம் கிளாஸ் பெண்கள் அவள் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றார்கள். குச்சி குச்சியாகக் கால். அவர்களெல்லாம் ஐந்து வருஷம் இந்த மூணாம் லேனில் தார் மேல் காலை அடித்து அடித்து ஓடப் போகிறார்கள். வலி போயாச்சு என்று மகள் சொன்னபோது தன் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை என்பதும் இப்போதுதான் உறைத்தது. மகளுக்குச் செய்து கொடுத்த சத்தியம் ஒன்றும் இல்லை. நான் என்னத்தைச் சொல்லப் போகிறேன் என்றுதானே சொன்னாள். வாயைத் திறக்க வேண்டாம், அவ்வளவுதானே?

ஃபிளாஸ்கைப் பெஞ்சில் வைத்துவிட்டுக் கொட்டகைக்குப் போனாள். கோன்களை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கித் தூக்கிக்கொண்டாள். கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டாள். ஒன்றாம் லேன் ஆரம்பிக்கிற இடத்துக்கு வந்து, பெரிய மனிதர்கள் போன பிறகு எப்போதும் செய்வதுபோலவே, பதினைந்து எட்டுக்கு ஒரு கோனாக வைத்துக்கொண்டே போனாள்.

ஞானையன் ஓடிவந்தார். குரலைத் தாழ்த்திப் பல்லைக் கடித்தார். "உனக்கு என்ன பிராந்தா? எடு அதை."

"தினமும் இருக்கதுதான சாரே."

"ஆள் போனபொறவு வச்சாப் போராதா?"

அவள் அடுத்த கோனை வைத்தாள். விஜய்குமார் டீ கிளாஸோடு எழுந்து வந்தார்.

"இது எதுக்கும்மா?"

"ஒண்ணும் ரெண்டும் யாரும் ஓடக் கூடாதுல்லா சார். அதுக்கு."

"இன்னைக்கா?"

"எப்பவும்தான். நான் வேலைக்குச் சேந்து ஒம்பது வருசம் ஆவுது. அதுக்கு முன்னாலேயும் இப்படித்தானாம்."

விஜய்குமார் டீ கிளாஸைக் கீழே வைத்தார். ஞானையனைப் பார்த்தார். ஞானையன் வானத்தைப் பார்த்தார்.

"அப்போ எல்லாரும் எதுல ஓடறாங்க?"

"மூணுலயும் நாலுலயும்."

"இதை யாரும் எங்கிட்ட சொல்லவே இல்லையே."

"நீங்க யார்கிட்டயும் கேக்கலியே சார்."

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. அந்த மட்டில் நல்ல மனிதர். உளியை எடுத்துக்கொண்டு வளைவுக்குப் போனார். மூணாம் லேனில் உளியை வைத்து ஒரே ஒரு தட்டு. சுத்தியலுக்கு வேலையே இல்லை. வட்டத் துண்டு, வெந்த தோசை கல்லை விட்டு எழும்புவதுபோல் தாரை விட்டுத் தானாக எழும்பியது. அடியில் கறுப்புத் தண்ணீர், சாக்கடை நாற்றம். அளவுக் கருவியில் வைத்தார். ஐந்து மில்லி. காரிலிருந்து மூன்று மீட்டர் நீள அலுமினியச் சட்டத்தை எடுத்துவந்து குறுக்கே போட்டார். சட்டத்துக்கும் தரைக்கும் நடுவே அவருடைய கட்டைவிரல் முழுசாக நுழைந்தது. நாலாம் லேனில் நாலு மில்லி. அப்புறம் அவர் ஒரு மணி நேரம் வெயிலில் தவழ்ந்து தவழ்ந்து பதினாறு இடத்தில் வெட்டினார். எங்கே பொக்கு, எங்கே தண்ணீர் நிற்கும் என்று விளக்குமாற்றுப் பிடியால் அவள் தட்டித் தட்டிக் காட்டினாள். ஒரு இடம்கூடத் தப்பவில்லை.

"மூணுலேர்ந்து ஆறு வரைக்கும் அடியில தண்ணி ஏறியிருக்கு, தாரோட பெயர்க்கணும் சார்" என்றார் கடைசியில். "மேலே ஸ்ப்ரே பண்ணினா காசு தண்டம். ஒரு மழைக்குக் கொப்புளம் விட்டுடும். இதுல இனி யாரையும் ஓடவிடக் கூடாது. எலும்பு போயிடும்."

ஜாயின்ட் டைரக்டருக்கு முகம் கறுத்துவிட்டது. "எத்தன நாள்?"

"மழை விட்டப்புறம் ஆரம்பிச்சா ஆறு மாசம். அதுவரைக்கும் ஒண்ணும் ரெண்டும் ஜம்முனு இருக்கு. பசங்க அதுல ஓடட்டும். அந்தக் கயிறை எடுத்து இந்தப் பக்கம் கட்டினா முடிஞ்சுது."

சுடலைமாடத்தி நிமிர்ந்தாள். இது ஏன் இத்தனை நாள் யாருக்கும் தோன்றவில்லை? மகள் ஒன்றாம் லேனில் ஓடலாம். அக்டோபர் வரை, அதற்கப்புறமும்கூட. வயிற்றில் பாலை வார்த்ததுபோல் இருந்தது. கயிற்றை எடுத்துக் கட்டுவதற்காகக் குனிந்தும்விட்டாள்.

"அது பற்றில்ல, முடியாது" என்றார் ஜாயின்ட் டைரக்டர். "பாதி திறந்து, பாதி அடச்சு, எவனாவது விழுந்து கால் ஒடிஞ்சா பதில் நான் சொல்லணும். நீங்க மோசம்னு எழுதித் தரீங்க இல்லையா? அப்போ மொத்தமா அடைக்கணும். இன்னிக்கே."

"சார், அந்த ரெண்டு லேன் நல்லா இருக்குன்னும் எழுதித் தரேனே."

"வேண்டாம். அதெல்லாம் காம்ப்ளிகேஷன்."

சுடலைமாடத்தி குறுக்கே பேசினாள். "சாரே, அவுகதான் ஓடலாம்னு சொல்லுதாகள்லா. எம் பொண்ணுக்கு அக்டோபர்ல ட்ரையல். இன்னும் எத்தனையோ புள்ளைக இருக்கு."

ஜாயின்ட் டைரக்டர் அவளைப் பார்க்காமல் ஞானையனைப் பார்த்தார். ஞானையன் அவளைப் பார்த்தார். "நீ செய்தது போதும் மாடத்தி. கேட்டை அடச்சு செயின் போடு."

ஐந்து மில்லியில் பதினோரு வருஷம் ஓடலாம், அதற்கு யாரும் பதில் சொல்ல வேண்டாம். பன்னிரண்டரை மில்லியில் ஒரு நாள் ஓடினால்கூடப் பதில் சொல்ல வேண்டுமாம். இந்தக் கணக்கு எந்தப் பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுக்கிறார்களோ. விஜய்குமார் பெட்டியை மூடிக்கொண்டு, தொப்பியைச் சரிசெய்துகொண்டு காரில் ஏறினார்.

கேட்டில் செயின் போட்டுப் பூட்டியதும் அவள்தான். வாசலை விட்டு நகரக் கூடாது, வருகிறவர்களைத் திருப்பி அனுப்ப வேண்டும் என்று உத்தரவு. மூன்றரையிலிருந்து பிள்ளைகள் வர ஆரம்பித்தார்கள். எதற்கு, எப்போது திறப்பார்கள், நாளைக்கா என்று கேட்டார்கள். எல்லோருக்கும் தெரியாது என்று ஒரே பதிலைச் சொன்னாள்.

நாலு மணி பஸ்ஸில் இசக்கிசெல்வி வந்து இறங்கினாள். ஸ்பைக்ஸ் பை தோளில். சாலையிலிருந்து கேட்டுக்கு ஏறுகிற சரிவில் வழக்கம்போல் விறைப்பாக நடந்து வந்தாள். செயினைப் பார்த்தாள். அம்மாவின் கையில் சாவியைப் பார்த்தாள்.

"ஆரு பறஞ்சது?"

"நாந்தான்."

கத்துவாள் என்று சுடலைமாடத்தி எதிர்பார்த்தாள். அதற்கு வேண்டிய பதில்களையெல்லாம் மத்தியானத்திலிருந்து தயாராக வைத்திருந்தாள். மகள் கத்தவில்லை.

"ஒண்ணு, ரெண்டுலயாவது விடச் சொல்லலாம்னுதாம்ட்டி நெனச்சேன். அவுகளும் சொன்னாக. இந்தப் பாவிக கேக்கல."

"எத்தன மாசம்?"

"ஆறு."

இசக்கிசெல்வி செயினை ஒரு தடவை கையால் பிடித்துப் பார்த்தாள். பிறகு பையைத் தோளிலிருந்து கழற்றி அம்மாவிடம் கொடுத்தாள்.

"செரி. ஞான் போறேன்."

"இருட்டி. டூட்டி முடிஞ்சதும் சேந்து போவோம்."

மகள் திரும்பி நடந்தாள். நாலு எட்டு வைத்திருப்பாள். இடது கால் தரையில் பட்டதும் உடம்பு ஒரு பக்கம் சாய்ந்தது. அடுத்த எட்டிலும் சாய்ந்தது. குதிகாலை ஊன்றாமல், பக்கவாட்டில் இழுத்து இழுத்து, மதில் மேல் கையை வைத்துக்கொண்டு போனாள். பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தவளுக்குச் சரிவில் ஒன்றும் ஆகிவிடவில்லை. இது இன்றைக்கு வந்த நொண்டல் இல்லை. ஓட வேண்டிய அவசியம் போனதும் மறைக்க வேண்டிய அவசியமும் போய்விட்டது, அவ்வளவுதான். இரண்டு மாசமாக வீட்டு வாசலில், அம்மாவின் கண் முன்னால், அந்தப் பெண் பல்லைக் கடித்துக்கொண்டு நேராக நடந்திருக்கிறாள். அதைப் பார்த்துப் பாதி நம்பிய தன்மேல் சுடலைமாடத்திக்கு வந்த கோபம், காலையிலிருந்து ஞானையன் மேலும் ஜாயின்ட் டைரக்டர் மேலும் வந்ததைவிடப் பெரிதாக இருந்தது.

"ஏட்டி, நில்லு."

மகள் நிற்கவில்லை. சுடலைமாடத்தி சாவியைப் பூட்டிலேயே விட்டுவிட்டு, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, ஸ்பைக்ஸ் பையோடு சரிவில் ஓடினாள். நாற்பத்திரண்டு வயதில், ரப்பர் செருப்பு தடுக்கத் தடுக்க ஓடினாள். நானூறு மீட்டரை ஐம்பத்தேழு செகண்டில் ஓடுகிற பெண்ணை, பஸ் ஸ்டாப்புக்குப் பாதி வழி போவதற்குள் எட்டிப் பிடித்துவிட்டாள்.